மீட்டரின் ஃபர்ம்வேரை மாற்றினால் காலிபிரேஷன் என்ன ஆகும்?

பெஞ்ச் மல்டிமீட்டரின் (மேசையில் வைத்து அளக்கும் மீட்டர்) ஃபர்ம்வேரில், அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளில், கைவைத்தவர்களிடம் "காலிபிரேஷன் போயிருக்குமே?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, "அது தனி சிப்பில் இருக்கிறது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை." இன்னொன்று, "ஒரு பேட்டரியை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது." முதல் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அதுகூட இல்லை, ஏனென்றால் அந்த பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று நமக்குச் சொன்னதே அந்த மீட்டர்தான்.

முதல் பதில் ஏன் போதாது என்பது புரிய, மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய காலத்து மீட்டர்களில் உள்ளே வரிசையாக டிரிம்மர்கள் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருகித் திருகிச் சரிசெய்வார்கள். 1980களிலிருந்து வந்த பெஞ்ச் மீட்டர்களில் அந்த வேலை மென்பொருளுக்குப் போய்விட்டது. உதாரணத்துக்கு எச்பி 34401ஏ. உள்ளே எல்எம்399 என்ற ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டு அளக்க ஒரு நிலையான வோல்டேஜைத் தரும் சிப், இருக்கிறது, சுமார் 6.95 வோல்ட். அந்தச் சுமாருக்குப் பின்னால் சரியாக எத்தனை என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். ரேஞ்சைப் பிரிக்கும் ரெசிஸ்டர்களும் அப்படித்தான். அதனால் தெரிந்த ஒரு வோல்டேஜைக் கொடுத்து, மீட்டர் எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்து, ரேஞ்சுக்கு ரேஞ்ச் ஓர் ஆஃப்செட்டும் ஒரு கெயினும் கணக்கிட்டு நினைவகத்தில் எழுதிவிடுகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு ரீடிங்கும் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சுற்று) தரும் கச்சா எண்ணிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து, கெயினால் பெருக்கித்தான் திரைக்கு வருகிறது.

ஆக, காலிபிரேஷன் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. சிப்பில் எழுதப்பட்ட எண்கள், அந்த எண்களைப் பயன்படுத்தும் கணக்கு, அந்த எண்கள் எடுக்கப்பட்டபோது இருந்த அளவீட்டு நிலைமைகள். மூன்றாவது என்றால் எவ்வளவு நேரம் இன்டக்ரேட் செய்தது (சிக்னலைச் சேர்த்துச் சராசரி எடுத்தது), ரிலே மாறியபின் எவ்வளவு நேரம் காத்திருந்தது, ஆட்டோ ஜீரோ (மீட்டர் தன் பூஜ்யத்தைத் தானே அளப்பது) எப்போது எடுத்தது, இந்த மாதிரி. தனி சிப்பில் பத்திரமாக இருப்பது முதலாவது மட்டும். மற்ற இரண்டும் ஃபர்ம்வேருக்குள் இருக்கின்றன, நாம் மாற்றப்போவதும் அதைத்தான்.

முதலாவதும் எல்லா மீட்டரிலும் பத்திரமாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கையடக்க மீட்டர்களில் டிடிஎம்0660எல் என்ற சிப்பை வைத்துச் செய்தவை நிறைய உண்டு. இவற்றில் பக்கத்தில் 24சி02 என்று ஒரு சின்ன ஈஈப்ராம் (அணைத்தாலும் அழியாத நினைவகம்) இருக்கும், மொத்தமே 256 பைட். பேக்லைட் எத்தனை விநாடி எரிய வேண்டும், எத்தனை நிமிடத்தில் தானாக அணைய வேண்டும், எத்தனை கவுண்ட் வரை காட்ட வேண்டும் என்ற செட்டிங் எல்லாம் அதில்தான் இருக்கிறது. காலிபிரேஷன் எண்களும் அதே 256 பைட்டுக்குள்தான். பேக்லைட் நேரத்தை நீட்ட ஒரு பைட்டை மாற்றினால் போதும், ஆனால் சிலர் இன்னொருவர் தன் மீட்டரிலிருந்து எடுத்த முழு டம்ப்பை (நினைவகத்தின் நகல்) இறக்கி அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வதைப் போன்றது. பார்வை தெரியும், ஆனால் பவர் அவருடையது. மீட்டர் ஆன் ஆகும், எண் காட்டும், எரர் எதுவும் வராது.

பெஞ்ச் மீட்டர்களில் இந்த விஷயத்தை நெருங்கிப் பார்க்க நல்ல உதாரணம் எச்பி 3478ஏ. ஐந்தரை இலக்கம், 30 மில்லிவோல்ட் ரேஞ்சில் 100 நானோவோல்ட் வரை பார்க்கலாம், பழைய சந்தையில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இதில் ஃபர்ம்வேர் இருக்கும் ராம் (ROM, படிக்க மட்டுமான நினைவகம்) தனி. காலிபிரேஷன் எண்கள் இருப்பது ஒரு சிறிய சிமாஸ் ரேமில் (RAM, மின்சாரம் போனால் அழியும் நினைவகம்), அதை உயிரோடு வைத்திருப்பது போர்டில் சால்டர் செய்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி போனால் காலிபிரேஷனும் போச்சு. ஆகவே இந்த மீட்டரின் மூடியைத் திறக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது அந்த ரேமைப் படித்துச் சேமிப்பது. மேனுவலில் சொல்லாத ஒரு வழி இதற்கு இருக்கிறது. ஜிபிஐபி (மீட்டரைக் கணினியோடு இணைக்கும் இணைப்பு) வழியாக டபிள்யூ என்ற எழுத்தையும் ஒரு முகவரியையும் அனுப்பினால், அந்த முகவரியில் இருக்கும் நான்கு பிட்டைத் திருப்பித் தரும். 256 முகவரிகளையும் கேட்டு வாங்கிவிட்டால் மொத்தக் காலிபிரேஷனும் கையில்.

அந்த 256ஐப் பிரித்துப் பார்த்தால் 19 பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆஃப்செட்டுக்கு 6 இலக்கம், கெயினுக்கு 5 இலக்கம், செக்சத்துக்கு 2. இலக்கங்களைக் கூட்டி செக்சத்தோடு சேர்த்தால் 255 வர வேண்டும், வந்தால் அந்தப் பதிவு சிதையவில்லை. இங்கேதான் ஒரு நுணுக்கம். ஆஃப்செட்டின் இலக்கங்கள் சாதாரண 0 முதல் 9 வரை. கெயினின் இலக்கங்கள் அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ப்ளஸ் மைனஸ் உண்டு, அதாவது 8க்கு மேல் வருவதெல்லாம் மைனஸ் எண். நான்கு பிட்டில் 14 என்று எழுதியிருந்தால் அதன் பொருள் மைனஸ் 2. இந்தக் கணக்கை யாராவது புதிதாக எழுதி, கெயினையும் ஆஃப்செட் மாதிரியே படித்துவிட்டால் என்ன ஆகும்? ரேமில் ஒரு பிட்கூட மாறியிருக்காது. செக்சம் அழகாக 255 வரும். ஆனால் மைனஸ் வரும் ஒவ்வோர் இலக்கத்திலும் 16 அலகு பிசகும். முதல் இலக்கத்தில் நேர்ந்தால் உடனே கண்ணில் படும். கடைசி இலக்கத்தில் மட்டும் நேர்ந்தால், பேட்டரியை வைத்துப் பார்க்கிறவர் கண்டுபிடிக்கவே மாட்டார்.

"செக்சம் சரியாக இருக்கிறது, அதனால் காலிபிரேஷன் சரி" என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். எண் மாறவில்லை என்று மட்டுமே செக்சம் சொல்லும், அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 3478ஏயின் முகப்பில் காலிபிரேஷனுக்கென்று ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆஃபில் இருக்கும்வரை அந்த ரேமில் எழுத முடியாது. ஃபர்ம்வேரை மாற்றும் வேலை முடியும்வரை அதைத் தொடவே கூடாது. 34401ஏயில் இந்தப் பாதுகாப்பு ஒரு கடவுச்சொல்லாக மாறிவிட்டது, ஃபேக்டரியிலிருந்து வரும்போது அது எச்பி034401. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது ஃபர்ம்வேர்தான் என்பதால், திருகு ஸ்விட்ச் அளவுக்கு அதை நம்ப எனக்கு மனம் வராது.

மூன்றாவது விஷயமான நிலைமைகளுக்கு வருவோம், இதில்தான் எளிதாக ஏமாறலாம். மீட்டரை வேகமாக்குகிறேன் என்று சொல்லி டிலேயைக் குறைப்பவர்கள் உண்டு. 10 மெகா ஓம் ரெசிஸ்டரை அளக்கும்போது கேபிளில் ஒரு 200 பிகோஃபாரட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 2 மில்லிவிநாடி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலைபெற அதைப்போல் கிட்டத்தட்ட 14 மடங்கு காத்திருக்க வேண்டும், 28 மில்லிவிநாடி. அதற்குள் அளந்தால் ரீடிங் குறைவாகக் காட்டும். 1 கிலோ ஓமில் இந்தப் பிசகு தெரியவே தெரியாது, ஆகவே வசதியான ஒரு ரெசிஸ்டரை வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இன்டக்ரேஷன் நேரமும் இப்படித்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. அமெரிக்காவில் 60, ஒரு சுற்றுக்கு 16.67. முழுச் சுற்றுக்கு இன்டக்ரேட் செய்தால் மெயின்ஸ் ஹம் (மின்லைனிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சல்) தன்னைத்தானே கழித்துக்கொள்ளும், அதனால்தான் 3478ஏயின் பின்புறத்தில் 50க்கும் 60க்கும் மாற்ற ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள், 34401ஏ அதை ஆன் செய்யும்போது தானே பார்த்துக்கொள்கிறது. மாற்றிய ஃபர்ம்வேர் தவறிப்போய் 16.67லேயே நின்றுவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஹம்மில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படியே ரீடிங்குக்குள் வந்துவிடும். இன்புட்டை ஷார்ட் செய்து பார்த்தால் தெரியாது. ஹம் ஏறக்கூடிய நீண்ட ஒயரில், அதிக ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒரு மூலத்தை இணைத்தால் ரீடிங் ஆடும்.

சரி, எப்படிச் சோதிப்பது? இதற்கு காலிபிரேட்டர் (மதிப்பு துல்லியமாகத் தெரிந்த வோல்டேஜைத் தரும் கருவி) வேண்டும், அது பல லட்சம், வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் நமக்கு வேண்டிய கேள்வி "இந்த மீட்டர் காட்டும் 10 வோல்ட் உண்மையில் 10 வோல்ட்தானா?" என்பதல்ல. அதற்குத்தான் காலிபிரேட்டர் வேண்டும். நம் கேள்வி "மாற்றத்துக்கு முன் காட்டியதையே பின்னும் காட்டுகிறதா?" என்பது. இதற்குத் தேவை மதிப்பு தெரிந்த ஒரு மூலம் அல்ல, சில மணி நேரத்துக்கு ஆடாமல் நிற்கும் ஒரு மூலம். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எவ்வளவு ஆடாமல் நிற்க வேண்டும்? 34401ஏயின் 10 வோல்ட் ரேஞ்சுக்கு ஓராண்டு துல்லியம், ரீடிங்கில் 0.0035 சதவீதம், ரேஞ்சில் 0.0005 சதவீதம். 10 வோல்ட்டில் அது 350 மைக்ரோவோல்ட்டும் 50 மைக்ரோவோல்ட்டும், மொத்தம் 400. மூலம் அதில் நான்கில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான விதியை வைத்தால் 100 மைக்ரோவோல்ட், அதாவது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு). சீனாவிலிருந்து வரும் சின்ன ரெஃபரன்ஸ் போர்டுகளில் பெரும்பாலும் ஏடி584 இருக்கும். அதன் ஜே கிரேடுக்கு டேட்டாஷீட் அனுமதிப்பது டிகிரிக்கு 30 பிபிஎம் வரை. அறை 3 டிகிரி சூடேறினால் 90 பிபிஎம், 10 வோல்ட்டில் 900 மைக்ரோவோல்ட் வரை நகரலாம். மத்தியானம் ஓர் அளவு, ராத்திரி ஏசி போட்டபின் ஓர் அளவு என்று எடுத்தால் நீங்கள் சோதித்தது ஃபர்ம்வேரை அல்ல, உங்கள் அறையின் வெப்பநிலையை. அதே போர்டை ஒரு மூடிய டப்பாவில் வைத்து, ஆன் செய்து நன்றாகச் சூடாகவிட்டு, முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளிக்குள் அளந்தால் அதுவே ஓரளவு போதும். எல்எம்399 வைத்து நீங்களே ஒன்று செய்துகொண்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது, அதற்குள்ளேயே ஹீட்டர் இருப்பதால் வெளியே நடப்பது அதை அவ்வளவாகத் தொடாது.

இதைவிட முக்கியம் அளக்கும் வரிசை. முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை என்று எடுத்தால், வித்தியாசம் வந்தால் அது ஃபர்ம்வேராலா, மூலம் நகர்ந்ததாலா, மீட்டர் ஆறிப்போனதாலா என்று சொல்ல வழியில்லை. பழைய ஃபர்ம்வேர், புதிய ஃபர்ம்வேர், திரும்பப் பழைய ஃபர்ம்வேர் என்று மூன்று முறை எடுங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போனால் இடையில் எதுவும் நகரவில்லை, நடுவில் இருப்பது பிசகினால் குற்றவாளி புதிய ஃபர்ம்வேர்தான். முதலாவதும் மூன்றாவதுமே ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் சோதனையே சரியில்லை, அதை முதலில் சரிசெய்யுங்கள். ஃபர்ம்வேரை ஈப்ராம் என்ற தனி சிப்பில் வைத்த மீட்டரில் ஒரு சாக்கெட்டைப் போட்டுவிட்டால் மாற்றி மாற்றிச் செருகலாம். ஃப்ளாஷ் வைத்த புது மீட்டர்களில் சில பழைய பதிப்புக்குத் திரும்ப விடாது, அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மீட்டரை அணைத்து, மூடியைத் திறந்து, மூடி, திரும்ப ஆன் செய்கிறோம். 34401ஏயைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது சூடாகவிட வேண்டும். பொறுமை இல்லாமல் பத்து நிமிடத்தில் அளந்துவிட்டு "புது ஃபர்ம்வேர் 20 மைக்ரோவோல்ட் கூடக் காட்டுகிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஒரே புள்ளியில் அளப்பதும் போதாது. 10 வோல்ட்டில் மட்டும் பார்த்தால் ஆஃப்செட் ஒரு பக்கமும் கெயின் மறு பக்கமும் பிசகி ஒன்றையொன்று மறைத்துவிடலாம். ஷார்ட், 1 வோல்ட், 5, 10, பிறகு அதே எண்களை ஒயரைத் திருப்பிப் போட்டு மைனஸில். அப்புறம் ரேஞ்ச் மாறும் இடங்கள். 34401ஏ ஆட்டோ ரேஞ்சில் 120 சதவீதத்தைத் தாண்டினால் மேலே போகும், 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இறங்கும். ஒரே வோல்டேஜை இரண்டு ரேஞ்சிலும் அளந்து, இரண்டும் முன்பு எந்த அளவுக்கு ஒத்துப்போயினவோ பின்பும் அந்த அளவுக்கே ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கணக்கில் கைவைத்தபோது ஒரு ரேஞ்சின் எண்ணை இன்னொரு ரேஞ்சுக்கு எடுத்துவிட்டால் இங்கே பிடிபடும். ஒவ்வொரு புள்ளியிலும் நூறு ரீடிங் கணினிக்கு எடுத்து, சராசரியை மட்டும் பார்க்காமல் சிதறலையும் பாருங்கள். சிதறல் கூடினால் இன்டக்ரேஷனில் பிரச்சினை. திடீரென்று குறைந்துவிட்டால் அதற்கும் சந்தோஷப்பட வேண்டாம், யாரோ உள்ளே ஒரு ஃபில்டரைச் சேர்த்திருக்கிறார்கள், ரீடிங் தாமதமாக வரும்.

சின்ன ரேஞ்சுகளில் ஒயரே எதிரி. 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் 34401ஏயின் ஓராண்டு எல்லை முழு அளவில் 8.5 மைக்ரோவோல்ட்தான். செம்பும் செம்பும் சேர்ந்தால் வெப்ப மின்னழுத்தம் கிட்டத்தட்ட இல்லை, செம்பும் கறுத்துப்போன செம்பும் சேர்ந்தால் டிகிரிக்கு 1000 மைக்ரோவோல்ட் அளவுக்குப் போகலாம். பழைய பனானா பிளக்கைத் துடைக்காமல் செருகி, கையால் தொட்ட சூடு ஆறுவதற்குள் அளந்தால், ஃபர்ம்வேரைக் குற்றம் சொல்ல வாய்ப்பே இல்லாத இடத்தில் குற்றம் கண்டுபிடிப்பீர்கள்.

எல்லா மாற்றத்துக்கும் இவ்வளவு பாடு தேவையா? தேவையில்லை. எந்தப் பகுதியை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. 34401ஏயிடம் அடையாளம் கேட்டால் பதிப்பு எண்ணாக மூன்று எண்களைச் சொல்லும். முதலாவது அளக்கும் ப்ராசஸருக்கு, இரண்டாவது உள்ளீடு வெளியீட்டுக்கு, மூன்றாவது முகப்புக்கு. முகப்பின் எழுத்துருவை மாற்றியவர் பத்து புள்ளியில் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, திரையில் வரும் எண்ணும் ஜிபிஐபியில் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தால் முடிந்தது. 3478ஏக்கு கன்டினியூட்டி பஸ்ஸர் இல்லாத குறையைத் தீர்க்க, ராமைத் தொடாமல் டிஸ்ப்ளேக்குப் போகும் ஒயர்களில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரை உட்காரவைத்த ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அளவீட்டுப் பாதையில் கையே வைக்காத இந்த வழிதான் என்னைக் கேட்டால் புத்திசாலித்தனமானது.

ஏசி வோல்டேஜ்தான் வீட்டில் சோதிக்கக் கடினம், ஆடாமல் நிற்கும் ஏசி மூலம் எளிதில் கிடைக்காது. நல்ல செய்தி என்னவென்றால் இந்த மீட்டர்களில் ஏசியை ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) ஆக்குவது பெரும்பாலும் தனி அனலாக் சர்க்யூட், ஃபர்ம்வேருக்கு வருவது அதன் டிசி வெளியீடு. ஆக, இங்கே கெடக்கூடியது காத்திருக்கும் நேரம். சிக்னல் ஜெனரேட்டரில் ஒரு 50 ஹெர்ட்ஸும் ஒரு சில கிலோஹெர்ட்ஸும் கொடுத்து, இரண்டுக்கும் இடையிலான விகிதம் பழைய, புதிய, பழைய ஃபர்ம்வேர்களில் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரின் மொத்த அளவு நகர்ந்தாலும் விகிதம் அவ்வளவாக நகராது.

எண்களே போய்விட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. கையில் டம்ப் இருந்தால் திரும்ப எழுதலாம், 3478ஏக்கு டபிள்யூ மாதிரியே எக்ஸ் என்று எழுதும் கட்டளையும் உண்டு, அதற்கு மட்டும் அந்தத் திருகு ஸ்விட்சை ஆன் செய்ய வேண்டும். டம்ப் இல்லையென்றால் ஒவ்வொரு ரேஞ்சுக்கும் உண்மையான ஸ்டாண்டர்ட் வேண்டும், அங்கே போலி செய்ய முடியாது. எட்டரை இலக்க 3458ஏ இந்த இடத்தில் வேறு ரகம். அதற்கு வெளியிலிருந்து டிசிக்கு வேண்டியது ஒரு ஷார்ட், ஒரு 10 வோல்ட், ஒரு 10 கிலோ ஓம் மட்டும், மற்ற ரேஞ்சுகளை அதுவே உள்ளுக்குள் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். தன் உள் ரெஃபரன்ஸின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்லவும் செய்யும். ஆனால் அந்த எண்களை அது வைத்திருப்பதும் உள்ளே பேட்டரி அடைத்த ஒரு டாலஸ் ரேமில்தான், ஆகவே ஃபர்ம்வேர் ஈப்ராமை மாற்றப் போகிறவர் முதலில் அதைக் காப்பி எடுத்துவிட்டுப் போவது நல்லது.

எல்லாம் ஒத்துப்போனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது, சான்றிதழ். உங்கள் மீட்டருக்கு என்ஏபிஎல் (இந்தியாவில் லேப்களுக்கு அங்கீகாரம் தரும் வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபின் சான்றிதழ் இருந்தால், அது அன்றைக்கு இருந்த மீட்டருக்கு, அன்றைய ஃபர்ம்வேரோடு. வீட்டில் செய்த ஒப்பீடு உங்கள் திருப்திக்கு, வாடிக்கையாளரின் ஆடிட்டர் அதை ஏற்க மாட்டார். திரும்ப லேபுக்கு அனுப்பும்போது, அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் இருந்த ரீடிங்குகளையும் சேர்த்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். போன வருடச் சான்றிதழின் எண்களோடு அவற்றை ஒப்பிட்டால்தான் உங்கள் மாற்றம் எதையாவது நகர்த்தியதா என்று தெரியும். அட்ஜஸ்ட் செய்தபின் வரும் எண்கள் எப்படியும் அழகாகத்தான் இருக்கும்.

மீட்டரை விற்கப்போகிறீர்கள் என்றால் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள். 34401ஏயில் காலிபிரேஷன் குறிப்பு என்று 40 எழுத்துகள் எழுத இடம் இருக்கிறது, லாக்கைத் திறந்தால்தான் எழுத முடியும், ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கூடவே ஒரு காலிபிரேஷன் கவுண்ட்டும் உண்டு, ஒவ்வொரு புள்ளியைக் காலிபிரேட் செய்யும்போதும் ஒன்று கூடும். நீங்கள் வாங்குகிற பக்கம் இருந்தால், முதலில் அந்த எண்ணைக் கேட்டு, சான்றிதழில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.